நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

திருப்பூர்
2 ஜூன் 2025

அல்தாஃப்,

நீ என்னைப் பெட்ரோல் திருடன் என்றாய். மே மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் உன் சுக்குக் குடோன் வாசலில் வைத்துச் சொன்னாய். சாயாக்கடை ராமபத்ரன் கேட்டான். மூட்டை தூக்கும் வீரபாண்டி கேட்டான். எனக்குச் சோறு போடும் மூக்கம்மாள் கேட்டாள். "பதினாலு கொடுத்த வண்டி பத்து கொடுக்குது. பாக்கி நாலு யாரு வயித்துல, துரையேட்டா?" என்றாய். வீரபாண்டி சிரித்தான். அவன் சிரித்ததை விட்டுவிடுகிறேன். நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

உன் அத்தா ஷாகுல் ஹமீது முதலாளிக்கு இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டினேன். அவர் மவுத்தான பிறகு உனக்கு ஆறு வருடம். உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவன் என்பதால் நீ என்று எழுதுகிறேன். வாங்கிக்கொள்.

மைலேஜ் குறைந்ததை முதலில் கண்டவன் நீ இல்லை, நான். பிப்ரவரியிலேயே கண்டேன். நான் மூன்றாவது வரை படித்தவன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி மூன்று மழைக்காலம் படித்திருக்கிறேன். அதில் பெட்ரோல் எதனால் கூடுதலாகப் போகும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன்.

டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும். திங்கட்கிழமைதோறும் தோப்பும்படியில் காற்று பிடித்தேன், குறையவில்லை. பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடினால் பெட்ரோல் தின்னும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன், தடையில்லாமல் சுற்றின. டிக்கியில் நீ சாம்பிளுக்கு என்று போட்டு மறந்த நான்கு மிளகு மூட்டையை இறக்கினேன். அரை கிலோமீட்டர் கூடியது, அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் புதிதாகப் போட்டேன். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பவன் நான், அது உனக்கே தெரியும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவது போன்ற சின்ன ஓட்டத்தில் இன்ஜின் சூடாகாமல் அதிகம் குடிக்கும். ஆனால் அந்த ஓட்டம் போன வருடமும் இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலால் எல்லா வண்டிக்கும் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். நாலு கிலோமீட்டர் குறையாது.

ஆக, மிச்சம் ஒரே ஒரு காரணம்தான். வண்டி நகராமல் நிற்கும்போது யாரோ இன்ஜினை ஓட விடுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல நான் நீ இல்லை.

இதற்குச் சாட்சி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் குச்சியை இரண்டு தடவை அழுத்தினால் டிரிப் பி என்று வரும். ஜனவரி முதல் தேதி அதை நான் பூஜ்யமாக்கினேன். அன்றிலிருந்து எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு, சராசரி வேகம் எவ்வளவு, மூன்றையும் அது வைத்திருக்கும். வண்டி நின்று இன்ஜின் ஓடியிருந்தால் சராசரி வேகம் விழுந்திருக்கும். அந்த மூன்று எண்ணையும் எனக்கு எழுது. குச்சியை அழுத்திப் பிடித்துவிடாதே, எல்லாம் அழிந்துவிடும்.

போனில் பேச மாட்டேன். போனில் நீ பாதியில் வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது.

குடோன் பக்கத்து என் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. ஆள் விட்டுக் கேட்டாய். என் பெயரைத் திருப்பித் தரும்வரை தரமாட்டேன்.

செல்லதுரை


மட்டாஞ்சேரி
9 ஜூன் 2025

துரை அண்ணாச்சிக்கு ரஹீனா எழுதுவது.

என் எழுத்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. இந்த வீட்டில் யாருக்கும் வராது. எல்லாரும் மலையாளம் படித்தவர்கள். மேலப்பாளையத்தில் பள்ளிக்கூடம் போனதால் எனக்கு மட்டும் தெரியும். உங்கள் கடிதம் வந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டார். "இந்த ஜிலேபி எழுத்தை யாரு வாயிப்பா? நீ வாயி," என்றார்.

வாசித்தேன். மாமியும், நௌரின் மைனியும், பிள்ளைகளும் இருந்தார்கள். டயர், பிரேக், மூட்டை வரைக்கும் வாசித்தேன். அவர் சிரித்தார். "பாலத்தைக் குத்தம் சொல்றாரு, பெட்ரோலைக் குத்தம் சொல்றாரு. சொந்தக் கையை மட்டும் சொல்லலை," என்றார். அதற்கு மேல் வாசிக்கவிடவில்லை. சாவி பற்றிய வரியை மட்டும் கேட்டார், சொன்னேன். உங்கள் அறையை நினைத்து மாமிக்குக் கோபம். "அந்த முறி அவன் வாப்பா கெட்டினதா?" என்றார்கள்.

நீங்கள் கேட்ட எண்களை நானே குடோனில் போய்ப் பார்த்தேன். லிட்டருக்கு 14.2. சராசரி வேகம் 19. கிலோமீட்டர் சரியாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு மைலேஜ் மறுபடியும் பதினாலுக்கு வந்துவிட்டது. அவரே ஓட்டி, அவரே டேங்க் நிரப்பிப் பார்த்தார். "கண்டியா, கள்ளன் போனான், கணக்கு சரியாச்சு," என்று எல்லாரிடமும் சொல்கிறார். போன வாரம் புது டிரைவர் வந்திருக்கிறார். ஆனந்தகுமார் என்று பெயர். நம்ம பக்கத்து ஆள், கலூரில் குடும்பத்தோடு இருக்கிறார்.

அண்ணாச்சி, இதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு மகன் இருக்கிறார், இருக்க இடம் இருக்கிறது. இனி எழுதுவதாக இருந்தால் என் பெயருக்கே எழுதலாம். மேசையில் திறந்து கிடந்தாலும் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

தலைவலி. இதோடு நிறுத்துகிறேன்.

ரஹீனா


திருப்பூர்
14 ஜூன் 2025

ரஹீனா,

நீ பொய் எழுதியிருக்கிறாய்.

14.2, 19. இந்த இரண்டு எண்ணும் டிரிப் பி-யில் இல்லை. போன டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஓட்டுபவர் பக்கம் வெயில் மறைக்கும் அட்டையின் பின்னால் ஒட்டி வைத்தவை. போன வருடத்து எண்கள். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து அந்த அட்டையை இறக்கினால்தான் அந்தச் சீட்டு தெரியும்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கண்ணுக்கு நேரே உண்மையான எண் எரிந்துகொண்டிருக்கும்போது, பழைய சீட்டைப் பார்த்து ஏன் எழுதினாய்? உண்மையான எண் என்ன சொல்கிறது என்பது உனக்குப் புரிந்திருக்கிறது. என் கடிதத்திலேயே அதை விளக்கி எழுதியிருந்தேன். அந்த இடத்தைத்தான் நீ அவர்களுக்கு வாசிக்கவில்லை.

ஆனால் நான் பாதிதான் எழுதியிருந்தேன். மீதியை இப்போது கேள். டேங்கிலிருந்து குழாய் போட்டு எடுத்த பெட்ரோல் இன்ஜினுக்குள் போகாது. அது மீட்டருக்குத் தெரியாது. டேங்க் கணக்கில் பத்து வரும், மீட்டர் பதினாலு என்றே காட்டும். அதாவது நீ எழுதிய எண் உண்மையானால் நான் திருடன். நல்லது செய்கிறேன் என்று நினைத்து என் கழுத்துக்குக் கயிறு அனுப்பியிருக்கிறாய்.

இனி கணக்கு. மாதம் ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டம். நாற்பது லிட்டர் போதும். ஐம்பத்தாறு போயிற்று. ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் வண்டி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். பதினாறு லிட்டர், பதினாறு மணி நேரம். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரன் மதியம் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நான் மூக்கம்மாளிடம் சாப்பிட்டுவிட்டு ராமபத்ரன் கடையில் உட்காரும் நேரம். திரும்பி வந்து பானெட்டில் கை வைக்கும்போது சூடாக இருக்கும். வெயில் என்று நினைத்தேன். குடோனுக்குள் ஏது வெயில்? எனக்கு அது உறைக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

நீ நிறுத்திய பிறகுதான் மைலேஜ் ஏறியது. நான் போனதால் ஏறவில்லை. நீ பயந்து நிறுத்தியதே என் மீது முத்திரை குத்திவிட்டது.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஓடும்போது குடோன் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தலைவலி என்று எழுதியிருக்கிறாய். மூடிய இடத்தில் இன்ஜின் ஓடினால் புகையில் வாசனை இல்லாத விஷம் சேரும். முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். அப்புறம் எழுந்திருக்க மாட்டாய்.

இதைத் தபாலுக்கு விட்டுவைக்க மனம் வரவில்லை. போனில் பேச மாட்டேன் என்றவன், இன்று காலை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மாமியார் எடுத்தார். "குடோன் கதவைத் திறந்தே போடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். "கள்ளன் விளிக்குந்நு", திருடன் கூப்பிடுகிறான் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செல்லதுரை


மட்டாஞ்சேரி
20 ஜூன் 2025

அண்ணாச்சி,

நான்தான்.

மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று மீதியை எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் நௌரின் மைனி பிள்ளைகளோடு துபாயிலிருந்து திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் ஹாலில் மாமி பக்கத்தில் படுக்கிறேன். அவர் கடையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். வீட்டில் ஒரே போன், அது மாமி தலையணைக்கடியில். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. "நம்ம வீடுதானே, யாரு வரப் போறா?" என்கிறார்கள். யாராவது வருகிறார்கள்.

ஒரு நாள் சுக்கு மூட்டை எண்ணப் போன இடத்தில் காரில் உட்கார்ந்தேன். மாற்றுச் சாவி அடுக்களை ஆணியில்தான் தொங்கும். கதவைச் சாத்தினேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. எங்கள் அறை போன பிறகு நான் உள்ளிருந்து பூட்டிய முதல் கதவு அது. மறுநாள் ஏ.சி. போட்டேன். குளிருக்காக மட்டும் இல்லை. இன்ஜின் ஓடினால் அவர்கள் கூப்பிடுவது கேட்காது. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணாச்சி. அழக்கூட இல்லை. சும்மா இருந்தேன்.

நின்ற வண்டி பெட்ரோல் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஓடினால்தான் செலவு என்று நினைத்தேன். மே ஒன்பதாம் தேதி, குடோனுக்கு மேலே நம் வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அப்போதும் அது என்னால் என்று தெரியாது. நீங்கள் திருடியிருக்க மாட்டீர்கள் என்று மட்டும் தெரியும். இறங்கி வந்து அதைச் சொல்லப் பதினொரு படி. ஒரு படி இறங்கினேன். உங்கள் முதல் கடிதத்தை மேசையில் வாசிக்கும்போதுதான் எனக்கே விளங்கியது. வாய் அதே இடத்தில் நின்றுவிட்டது.

அதற்கு முன்பே, நீங்கள் போனதும் நிறுத்தியிருந்தேன். உங்கள் அறை காலியாகக் கிடந்த குடோனுக்குள் நுழையப் பிடிக்கவில்லை.

உண்மையான எண்கள் இவை. 3104 கிலோமீட்டர். 10.7. வேகம் 13. குச்சியை அழுத்திப் பிடிக்கவில்லை.

கதவு மூடித்தான் இருந்தது. நீங்கள் போன் செய்த அன்று மாமி இவரிடம் சொன்னார்கள். "திறந்து போடணுமாம், கள்ளனுக்கு வசதியா," என்று சொல்லி இவர் தெருக்கதவுக்கு இரண்டாவது பூட்டு போட்டுவிட்டார். இப்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் திறக்கிறார்கள். ஆனந்தகுமாரிடம் ஒரு சாவி இருக்கிறது.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் காரில் உட்காருகிறேன். மாதக் கடைசியில் மைலேஜ் விழும். நீங்கள் இல்லாமலே விழும். அப்போது அவர்களுக்கே புரிந்துவிடும், நீங்கள் எடுக்கவில்லை என்று. நான் வாய் திறக்க வேண்டாம். தலை கொஞ்சம் சுற்றும், பரவாயில்லை. உங்கள் பெயர் திரும்பிவிடும்.

ரஹீனா


திருப்பூர்
25 ஜூன் 2025. விரைவுத் தபால்.

ரஹீனா,

இன்றைக்கே நிறுத்து. உட்கார வேண்டுமானால் கண்ணாடியை இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்.

நீ கண்ட வழி ஆளைக் கொல்லும் வழி. கொல்லாவிட்டாலும் அது அநியாயம். மைலேஜ் விழுந்தால் அல்தாஃப் உன்னைத் தேட மாட்டான், என்னை நினைத்து வருந்தவும் மாட்டான். சாவி யார் கையில் இருக்கிறதோ அவனைப் பிடிப்பான். நான் நின்ற இடத்தில் ஆனந்தகுமார் நிற்பான். ஒரு திருடன் பெயரைக் கழுவ இன்னொரு திருடனை உண்டாக்குகிறாய்.

உன் மீது எனக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதே. இங்கே மூன்றாவது மாடியில் ஒரே அறை. மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் மாறி மாறிப் போகிறார்கள். யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. கீழே வண்டிகள் போகும். எந்த வண்டியில் எந்த டயர் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். இறங்கிப்போய்ச் சொல்ல முடியாது. கொச்சியில் கேட்டுப் பார்த்தேன், மூன்று இடத்தில். "மட்டாஞ்சேரி துரையா? பெட்ரோல் கேஸா?" என்றார்கள். அறுபத்தாறு வயதில் இனி வேறு பெயர் சம்பாதிக்க எனக்கு நேரம் இல்லை.

ஆகவே உனக்காக இந்தப் பெயரைச் சுமக்க மாட்டேன். சொல்ல வேண்டியது நீ. யாரிடம் என்பதும் உனக்குத் தெரியும்.

செல்லதுரை


மட்டாஞ்சேரி
16 ஜூலை 2025

துரை அண்ணாச்சிக்கு,

இந்தக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடிக்கிறார். அவர் சொல்வதை மட்டும் நான் எழுதவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் கையை நிறுத்தாமல் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் சொல்வது: "துரையேட்டா, புது டிரைவரையும் நீங்க பழக்கிவிட்டீங்களா?" இதுவரை எழுதியாச்சா என்று கேட்கிறார். எழுதியாச்சு என்றேன்.

உங்கள் விரைவுத் தபால் வந்தது ஜூன் இருபத்தெட்டு, மதியம் மூன்று மணிக்கு. அன்று ஒன்றரை மணிக்கு நான் காரில் இருந்தேன். தூங்கிவிட்டேன் போல. யாரோ கண்ணாடியைத் தட்டுவது தூரத்தில் கேட்டது. ஆனந்தகுமார் குடையை மறந்து திரும்பி வந்திருக்கிறார். தெருக்கதவு இரண்டையும் விரியத் திறந்துபோட்டு, என்னை இறக்கி, படிக்கட்டில் உட்காரவைத்தார். வாந்தி எடுத்தேன். "இத்தா, கதவடைச்சுட்டு வண்டி ஸ்டார்ட் பண்ணக் கூடாது," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் உட்கார்ந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அவர் சொல்கிறார்: "அந்த முறிச் சாவியை ஒரு வாரத்துக்குள்ள அனுப்பணும். இல்லேன்னா ஸ்டேஷன்ல பரசு கொடுப்பேன்." பரசு இல்லை, பராதி. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. புகார் கொடுப்பாராம்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. நான் உட்கார்ந்த அந்த ஐந்து நாளுக்கு மைலேஜ் விழுந்திருந்தது. திங்கட்கிழமை ஆனந்தகுமாரைக் குடோனில் நிறுத்திக் கேட்டார். இந்தத் தடவை நான் படி இறங்கி வந்திருந்தேன், கதவுக்குப் பின்னால். "துரை போயி ரெண்டு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள நீ தொடங்கிட்டியா? ஒரே ஊர்க் கள்ளன்களா?" என்றார். ஆனந்தகுமார் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "நான் எடுக்கலை சாரே," என்றார். அவ்வளவுதான் சொன்னார், அண்ணாச்சி. எல்லாம் தெரிந்தவர். சாவியைப் பெட்டி மேல் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

"நான் நாலு வரிதானே சொன்னேன், நீ ரெண்டு பக்கம் எழுதறே?" என்கிறார். தமிழில் நீளும் என்றேன். சிரிக்கிறார். நல்லவர்தான் அண்ணாச்சி. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். சொன்னால் அடிக்க மாட்டார். காரின் மாற்றுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிடுவார், குடோன் பக்கம் போகாதே என்பார், மாமி என் கூடவே இருப்பார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எல்லாரும் அன்பாக இருப்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார். கீழே மலையாளத்தில் இருப்பது அவருடையது.

ரஹீனா


திருப்பூர்
21 ஜூலை 2025

ரஹீனா,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அல்தாஃப் தான் வாசிக்காத ஒன்றின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான். இதைக் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டினால் என் வழக்கு முடிந்தது. காட்ட மாட்டேன். வாசிக்கத் தெரியாதவனிடம் வாங்கிய கையெழுத்தை வைத்து என் பெயரை மீட்டால் நான் திருடனேதான்.

ஆகவே கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இத்துடன் இருக்கிறது.

நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டு வாசலில் இருந்தவன் நான், அவர்கள் அன்பையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆனந்தகுமார் தரையைப் பார்த்தானே, அதற்கு மேல் உனக்குச் சலுகை காட்ட என்னால் முடியாது. நான் பேசினேன், கத்தினேன், கடிதம் எழுதினேன். அவன் உனக்காக ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் குடோன் வாசலில் வந்து நிற்பேன். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன், அது தெரு. அதற்குள் நடக்க வேண்டியவையும், செய்ய வேண்டியவர்களும் கீழே.

இந்தக் கடிதம் வந்த அன்றே குடோனின் தெருக்கதவு இரண்டாவது பூட்டை எடுக்கச் சொல்ல வேண்டியது: நீ. காரணம் கேட்டால், நீ வாந்தி எடுத்ததைச் சொல். அது உண்மை.

திருப்பி அனுப்பியிருக்கும் உன் கடிதத்தை, அதே சாப்பாட்டு மேசையில், ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்க வேண்டியது: நீ. 'நல்லவர்தான்' என்ற வரியையும் விடாதே. பாதியில் வெட்டாமல் கேட்க வேண்டியது: அல்தாஃப். அவன் கையெழுத்து அதில் இருக்கிறது, கேட்டாக வேண்டும்.

டிரிப் பி-யைத் தன் கையால் அழுத்தி, தன் கண்ணால் வாசிக்க வேண்டியது: அல்தாஃப். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம் தெருவில் நிறுத்தி ஏ.சி. போட்டு ஓடவிட்டு, எத்தனை லிட்டர் போகிறது என்று டேங்க் நிரப்பிப் பார்க்க வேண்டியதும் அவனே.

கலூருக்கு ஆள் அனுப்பாமல், தானே போய் ஆனந்தகுமாரைத் திரும்ப அழைக்க வேண்டியது: அல்தாஃப். வருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது: ஆனந்தகுமார்.

மூன்றாம் தேதி காலை, ராமபத்ரனும் வீரபாண்டியும் மூக்கம்மாளும் கேட்க, செல்லதுரை பெட்ரோல் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியது: அல்தாஃப். காரணத்தை அவன் தெருவில் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தேவையில்லை. வீரபாண்டி சிரிக்காமல் இருக்க வேண்டும்.

இதில் எதுவும் நடக்கவில்லை என்றால், அன்று வாசலில் நின்று நானே எண்களைச் சொல்வேன். 3104, 10.7, 13. யார் உட்கார்ந்தது என்று கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். நீ மேல் ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாய். பதினொரு படி.

குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டியது: அல்தாஃப். இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஸ்க்ரூடிரைவர். அவனுக்கு எட்டு வயதில் நான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது மறந்திருக்காது.

கடைசியாக ஒன்று. உறையில் காகிதம் சுற்றி ஒரு சாவி இருக்கும். அல்தாஃப் கேட்டது அதுதான். அவனுக்கு அனுப்பவில்லை. என் பெயர் திரும்பும்வரை தரமாட்டேன் என்று எழுதியிருந்தேன், பெயர் இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். அந்த அறையில் தெருப் பக்கம் ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. சுவர் தடிமன், மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. இனி நான் அங்கே வந்து தங்கப்போவதில்லை. தினம் மதியம் நாற்பது நிமிடம் அந்த அறை ரஹீனாவுக்கு என்று மாமியிடம் சொல்ல வேண்டியது: அல்தாஃப். அவன் சொல்லாவிட்டாலும் போய் உட்கார வேண்டியது: நீ.

உள்தாழ்ப்பாள் மழைக்காலத்தில் இறுகும். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் ஓடும். விட வேண்டியது: நீ.

செல்லதுரை